தண்ணீர்ப் பெட்டி விற்பனைக்கு இல்லை

மகனுக்கு உம்மாவின் ஸலாம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படுவதென்றால் இங்கேயே கோபப்பட்டுவிட்டு மிச்சத்தை வாசி. நீ விற்றுவிட்டதாகச் சொன்ன அந்தக் கணினிப் பெட்டியை நான் கொடுக்கவில்லை. அதை வாங்கவிருந்த ஸ்டூடியோக்காரர் இன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வந்தார். வாசலில் நின்று, "மகன் எடுத்துட்டுப் போகச் சொன்னவர், ராத்தா" என்றார். "அது விக்கிறதுக்கில்ல, தம்பி" என்றேன். "நேத்து ஃபோன்ல கதைச்சவரே" என்றார். "அவர் நேத்துக் கதைச்சார். நான் இண்டைக்குக் கதைக்கிறன்" என்றேன். பாவம், நல்ல மனிதர். உன் வாப்பாவாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்து அவரைப் பார்த்தார். உன் வாப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். அதற்குப் பின்னால் சிரிப்பில் தோள் குலுங்கியதை நான் கண்டேன். கடைசியில் அந்த மனிதர் பிளேன்டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை உனக்கு நிக்காஹ். இன்று திங்கள். நீ கலியாணம் சொல்ல அக்கரைப்பற்றுப் பக்கம் போயிருக்கிறாய், வரப் பின்னேரம் அஸர் ஆகும். அதற்குள் இதை எழுதி முடித்து உன் மேசையில் வைத்துவிட வேண்டும். நேரில் சொன்னால் நீ "சரி உம்மா" என்று இரண்டு சொல்லில் கதையை முடித்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உன்னோடு சண்டை பிடிக்க முடியாது, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு எழும்பிப் போய்விடுவாய். கடிதத்துக்குத் தலையாட்ட முடியாது. அதனால்தான் வெட்டிப் போட்ட அபாயாத் துணிகளை ஒதுக்கிவிட்டு, அளவு எழுதும் கொப்பியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு வாசி. மற்றப் பிழை ஒன்றை நானே சொல்லப் போகிறேன்.

அந்தப் பெட்டியை நீ கட்டிய நாட்களை எடுத்துக்கொள்வோம். உன் பழைய லெப்டொப் இந்த ஊர் வெக்கையிலும் கடற்காற்றிலும் இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை. உள்ளே ஆணிகள் துருப்பிடித்து, காற்றாடி கரகரத்து, ஒருநாள் படுத்தே விட்டது. அப்போது நீ சொன்னாய், பெரிய கணினி வேண்டும், ஆனால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போகிற அளவில் வேண்டும் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. யானையை வாங்கிக் கோழிக்கூட்டில் அடைக்கப் போகிறாயா என்று கேட்டேன். நீ கடதாசியில் படம் கீறிக் காட்டினாய். சின்னப் பெட்டிக்குள் பெரிய காற்றாடிக்கு இடமில்லை, அதனால் சூட்டைத் தண்ணீர்தான் சுமந்துகொண்டு போக வேண்டும், செம்புக் கட்டிக்குள் மயிர் அளவில் வெட்டிய பள்ளங்களுக்குள்ளால் தண்ணீர் ஓடி, ரேடியேட்டருக்குப் போய் ஆறி, திரும்பி வரும் என்றாய். எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது முழுதாக விளங்கியது.

சப்பாத்துப் பெட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்த அளவு. அதற்குமேல் ஒரு விரல்கூடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாய். சட்டத்தை யன்னல் செய்கிற அலுமினியக் கடையில் வெட்டுவித்தாய். கடைக்காரர் இது என்ன, கிளிக்கூடா என்று கேட்டாராம். ரேடியேட்டரும் பம்பும் கத்தாரிலிருந்து உன் மாமாவின் சூட்கேஸில் பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வந்தன. விமான நிலையத்தில் அவனை நிறுத்தி இது என்ன சாமான் என்று கேட்டபோது, "என்ட மருமகன் கொம்பியூட்டருக்குத் தண்ணி பருக்கப் போறாராம், எனக்கு வேற ஒண்டும் தெரியா" என்று சொல்லித் தப்பி வந்ததாக இன்னும் கதை சொல்கிறான். தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி வேண்டும் என்றாய். என் பழைய தையல் மிசின் மூடியிலிருந்த பித்தளைக் கைப்பிடியைக் கழற்றித் தந்தேன். அடியில் ஒரு திருகாணி வைத்தாய். விமானத்தில் ஏற்றுவதென்றால் அதைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, இறங்கிய பிறகு ஊசிக்குழாயால் நிரப்பலாம் என்று எனக்குச் செய்து காட்டினாய். அப்போது நீ கொழும்புக்குக்கூடப் போகவில்லை, விமானத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாய்.

பாகங்களையெல்லாம் பூட்டி முடித்து, மற்றவற்றுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைக் கடதாசியைச் சுற்றி ஒரு முழு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். ஒரு சொட்டு ஒழுகினாலும் கடதாசி காட்டிக் கொடுக்கும் என்றாய். சோற்றையும் அங்கேதான் தின்றாய். ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனாய். நானும் ஒரு மணித்தியாலம் அந்தக் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நனையவில்லை. நீ திரும்பி வந்து முதலில் கேட்டது, "உம்மா, காஞ்சிரிக்கா?" என்றுதான். "ஓம் மகன், காஞ்சுதான் இரிக்கி" என்றேன். நீ சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை.

அப்படிப்பட்ட கை உன்னுடையது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், உன் கை பிழைத்தது என்று நீ பதினான்கு மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறாய்.

இனி என் கதைக்கு வருகிறேன். கொழும்பில் நடக்கவிருந்த கணினி விளையாட்டுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, உன் பெட்டியைப் பார்க்க ஊரே வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், என்னிடம் தைக்கப் படிக்கிற பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார். நீலமும் பச்சையுமாக வெளிச்சம் ஓடுகிறதைப் பார்த்து ஒருத்தி வாயில் கைவைத்து, "இம்புட்டுச் சின்னப் பெட்டிக்குள்ள இம்புட்டு வேலையா, மாஷா அல்லாஹ் எண்டு சொல்லுங்க" என்றாள். அவள் மாஷா அல்லாஹ்வைச் சொல்லச் சொன்னாளே தவிரத் தான் சொல்லவில்லை. கண் படாமலிருக்கச் சொல்கிற சொல் அது. கண்ணூறு பட்டுவிடும் என்று பயந்தேன். நீ சிரிப்பாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. மறுநாள் நீ வேலைக்குப் போன பிறகு ஒரு கிளாஸ் தண்ணீரில் யாஸீன் சூரா ஓதி ஊதினேன். பாதியை உனக்குக் குடிக்கத் தரலாம் என்று போத்தலில் விட்டேன். மற்றப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நீ திறக்கிறதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். மேல் மூடியைத் திருகினேன். குடுவையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று மூடித் தண்ணீர் விட்டு, பிஸ்மில்லாஹ் சொல்லி மூடினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, மகன். கிணற்றில்தான் அள்ளினேன்.

நம் கிணற்றுத் தண்ணீரின் உப்புச் சாடை உனக்குத் தெரியும். எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். ஸ்டீம் அயனில் கிணற்றுத் தண்ணீர் விட்டால் துளையெல்லாம் வெள்ளையாக அடைத்துவிடும், விடாதீர்கள் என்று என்னிடம் தைக்கப் படிக்கிற பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவளே நான்தான். அயனுக்குள் விடக்கூடாத தண்ணீரை உன் கணினிக்குள் விட்டேன். ஏனென்றால், அது என் கண்ணுக்குக் கிணற்றுத் தண்ணீராகவே தெரியவில்லை. ஓதின தண்ணீராகத்தான் தெரிந்தது. ஓதினதில் ஒரு குறையும் இல்லை, அதை யாரும் சொல்லவும் விடமாட்டேன். அதைக் கொண்டுபோய் ஊற்றின இடம்தான் பிழை. அந்தத் தண்ணீர் குடிக்கிறதற்கு. உனக்குத் தந்த பாதியை நீ குடித்தாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். விடியற்காலை பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் மடியில் வைத்துக்கொண்டு போனாய். உன் பக்கம் ஐந்து பேர், எதிர்ப் பக்கம் ஐந்து பேர். முதல் இரண்டு ஆட்டமும் வென்றீர்கள். மூன்றாவதில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சூடு ஏறி ஏறி உன் பெட்டி தானாக நின்றுவிட்டது. திரும்பப் போட்டாய், திரும்ப நின்றது. நாலு பேராக விளையாடித் தோற்றீர்கள். நீ ஊருக்கு வந்து, ஒன்றும் சாப்பிடாமல், அந்தச் செம்புக் கட்டியைக் கழற்றினாய். பள்ளங்களுக்குள் வெள்ளையும் பச்சையுமாகப் பசை மாதிரி அடைத்துக் கிடந்தது. நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு கதவடியில் நின்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாய்: "என்ட பிழ உம்மா. கழுவாமப் பூட்டிட்டன் போல. என்னால அவங்க நாலு பேரும் தோத்துட்டாங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். வெட்கம் ஒன்று. ஓதின தண்ணீரைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் சொல்லவில்லை. ஒரு கிழமை போனால் இனிச் சொல்லி என்ன என்று வந்துவிடுகிறது. இப்படியே ஒரு நோன்பும் இரண்டு பெருநாளும் போய்விட்டன. நீயும் அதை மறந்துவிட்டாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ மறக்கவில்லை. பெட்டியைக் கழுவித் துடைத்துப் பூட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாய், அதற்குப் பிறகு ஒருநாளும் இறக்கவில்லை. உம்மா என்கிறவள் பிள்ளையின் பிழையை மறைப்பாள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நான் என் பிழையைப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு உன்னிடம் மாப்புக் கேட்கிறேன். முழு மனதோடு கேட்கிறேன்.

ஆனால் மாப்புக் கேட்டுவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுகிறவள் இல்லை நான், அது உனக்கும் தெரியும். இனி உன்னோடு சண்டை.

நம் பகுதியில் கலியாணம் என்றால் வீட்டை விட்டுப் போகிறவன் ஆண்பிள்ளைதான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு போய் அங்கே குடியிருப்பான். இந்த வீடும் என் உம்மா வாப்பா எனக்குக் கட்டித் தந்தது, உன் வாப்பா இங்கே வந்தவர். அப்படியே நீ ஒலுவிலுக்கு, ரிஸ்னாவின் வீட்டுக்குப் போகிறாய். அது முறை, அதில் எனக்கு வருத்தமில்லை. ரிஸ்னாவின் வாப்பா பிரின்சிபலாக இருந்து ஓய்வு பெற்றவர், பண்பான மனிதர். இரண்டு மாதத்துக்கு முன் அவர் நம் முன்மண்டபத்தில் இருந்துகொண்டு, "விளையாட்டுப் பெட்டியொண்டு இரிக்காமே. அது அங்க வராம இருந்தா நல்லம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓம் மாமா, விட்டுட்டு வாறன்" என்றாய். அவரே ஒரு மாதிரியாகப் பார்த்தார். கொஞ்சமாவது வாதாடுவாய் என்று நினைத்திருப்பார் போல.

அந்த "ஓம்" எனக்குப் பிடிக்கவில்லை. மரியாதையில் சொன்னது என்றால் பேசாமல் விட்டிருப்பேன். அதில் மரியாதை இருக்கவில்லை, எப்போது யார் வந்து கேட்பார்கள், கொடுத்துத் தொலைக்கலாம் என்று காத்திருந்தவனின் அவசரம்தான் இருந்தது.

இப்படி ஒரு "ஓம்" இந்த வீட்டில் முன்பும் கேட்டிருக்கிறது. உனக்கு இது தெரியாது. உன் வாப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் புறா வளர்த்தார். நாற்பதுக்கு மேல் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாராம். எங்கள் கலியாணத்துக்கு முன், கூரையில் புறா ஏறினால் ஓடு உடையும், அசுத்தம் என்று என் வாப்பா சொல்லியனுப்பினார். உன் வாப்பா "ஓம்" என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் நற்பிட்டிமுனையில் ஒரு கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நான் அப்போது சேலைத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் புறா பிடிக்கும். வரட்டும் வாப்பா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். புதுப்பெண் வாய் திறக்கலாமா என்று நின்றுவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் உன் வாப்பா அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் நெல் வியாபாரிகளோடு விலை பேசிக்கொண்டிருக்கும்போதுகூட மேலே புறாக் கூட்டம் பறந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அவை போன பிறகுதான் விட்ட இடத்திலிருந்து கதைப்பார். போன வருடம் ஒருநாள் மனம் கேளாமல் கேட்டேன், அண்டைக்கு நான் சொல்லியிருந்தால் கொண்டுவந்திருப்பீர்களா என்று. "நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கூரை ஓடெல்லாம் மாத்திக் குடுத்துட்டாவது கொண்டு வந்திரிப்பன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்கத் தையல் ஓடவில்லை.

அதற்குப் பிறகும் நான் உன் விஷயத்தில் வாய் திறக்காமல்தான் இருந்தேன் என்பதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. போன வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது. கண்டியிலிருந்து உன்னோடு விளையாடின கூட்டாளி எனக்கு ஃபோன் எடுத்தான். உன் ஃபோன் நிறுத்தி வைத்திருந்ததாம். அடுத்த மாதம் மலேசியாவில் போட்டி, பழைய ஐந்து பேரையும்தான் எடுத்திருக்கிறார்கள், நீ மட்டும் மாட்டேன் என்கிறாய் என்றான். "கலியாண வேலை, மகன்" என்றேன். "அது இல்ல உம்மா, கலியாணத்துக்குப் பொறகுதான் போட்டி. என்ட கையில ராசி இல்ல, என்னால ஒருக்காத் தோத்தது காணும், வேற ஆளப் பாருங்க எண்டு சொல்றான். நாங்க யாருமே அவன்ல பிழ சொல்லல்ல" என்றான். ஃபோனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். உன் கையில் ராசி இல்லையாம். என் மூன்று மூடித் தண்ணீரை நீ இவ்வளவு நாளாக உன் கையில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாய்.

அதனால் நேற்று, நீ வேலைக்கூட்டாளிகளுக்கு அழைப்புக் கொடுக்கப் போன நேரம், நான் பஸ் ஏறி ஒலுவிலுக்குப் போனேன். கலியாணத்துக்கு ஐந்து நாள் இருக்க மாப்பிள்ளையின் உம்மா முன்னறிவிப்பில்லாமல் தனியாகப் பெண் வீட்டுக்குப் போவது முறையில்லை என்று எனக்குத் தெரியும். முறையைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவும் வந்தது. பஸ்ஸில் காரைதீவு, நிந்தவூர் எல்லாம் போகப் போக, திரும்பிவிடு என்று மனம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. நான் இறங்கவில்லை.

அங்கே வீட்டுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார்கள். மாடியில் கரண்ட்காரர் சுவரைக் கொத்தி வயர் இழுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பிரின்சிபல் சேர் பயந்துவிட்டார். "என்ன தங்கச்சி, வீட்டுல எல்லாரும் சுகமா?" என்றார். "சுகம் சேர். ஒரு பிழையச் சொல்ல வந்திரிக்கன்" என்றேன். கண்ணூறு, யாஸீன், கிணற்றுத் தண்ணீர், மூன்று மூடி, கொழும்பு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். உனக்குச் சொல்லுமுன் அவருக்குச் சொன்னேன் என்று கோபிக்காதே. உன்னிடம் சொல்கிற தைரியத்தை அங்கேதான் பழகிக்கொண்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஓதின தண்ணியக் கொம்பியூட்டருக்குள்ளயா ஊத்தினீங்க?" என்றார். "ஓம் சேர்." சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தார். பிறகு, "என்ட மனிசி புள்ளைகள் சோதின எழுதப் போகக்குள்ள பேனைக்கு ஊதுவா. பேனைக்குள்ள ஊத்தல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். உள்ளேயிருந்து அவருடைய மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது.

சிரித்து முடித்த பிறகு மனிதர் பழையபடி பிரின்சிபல் ஆகிவிட்டார். "எண்டாலும் தங்கச்சி, கலியாணம் முடிச்ச ஆம்புள விளையாடுறது எனக்குப் புடிக்கல்ல" என்றார். "உங்களுக்குப் புடிக்கோணும் எண்டு நான் வரல்ல, சேர்" என்றேன். "அவன் வேலைக்குப் போறான், தொழுறான், பெரிய ஆக்களுக்கு மரியாத குடுக்கிறான். அதுக்கு மேல அவனுக்கு ஒரு கெட்டித்தனம் இரிக்கி. அத வாசல்ல கழட்டி வெச்சிட்டு வா எண்டா, உள்ள வாறது பாதி மாப்பிள்ளதான்." "இந்த வீட்ட நான் கட்டினன், தங்கச்சி" என்றார். "அந்தப் பெட்டிய என்ட மகன் கட்டினான், சேர்" என்றேன். என் குரல் கூடிவிட்டது, மேலே சுவர் கொத்துகிற சத்தம் நின்றுவிட்டது. கலியாணமே நின்றாலும் நின்றுவிடும் என்று அந்த நேரம் நினைத்தேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் ரிஸ்னா மாடிப்படியில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, வாப்பாவையும் பார்க்கவில்லை. மேலே கரண்ட்காரரைப் பார்த்து, "காக்கா, அந்த அறையில மேசைப் பக்கம் இன்னும் ரெண்டு பிளக் வையுங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "ரெண்டு காணுமா மாமி?" என்றாள். "எனக்கு அதெல்லாம் தெரியா மகள், அவன்ட்டக் கேளு" என்றேன். "கேட்டன் மாமி. ஒண்டும் தேவல்ல எண்டுட்டார்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவள் உன்னிடம் பிளக்கைப் பற்றிக் கேட்கவில்லை, மகன். உனக்கு அந்த வீட்டில் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நீ ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அது அடக்கம் என்று நீ நினைக்கிறாய். கேட்டவளுக்கு அது கதவைச் சாத்தின மாதிரி இருக்கும்.

கரண்ட்காரர் திரும்பக் கொத்தத் தொடங்கினார், சேர் நிறுத்தச் சொல்லவில்லை. சரி என்று சொன்னாரா என்றால், சொல்லவில்லை. மனம் மாறிவிட்டது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன். இன்னும் பல நாளைக்கு அந்தப் பெட்டியைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார், நீ தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். நான் வந்ததை நானே உன்னிடம் சொல்கிறேன், அதுவரை சொல்லாதே என்று ரிஸ்னாவிடம் கேட்டுக்கொண்டு வந்தேன். வந்ததும் சொல்லத்தான் நினைத்தேன். நீ எனக்கு முன்பே வாயைத் திறந்து, "ஸ்டூடியோக்காரருக்குக் குடுத்துட்டன் உம்மா, நாளைக்கு வருவார்" என்றாய். உன் முகத்தைப் பார்த்ததும் பதினான்கு மாதப் பழக்கம் திரும்ப வந்து என் வாயை அடைத்துவிட்டது. ஒலுவிலில் பிரின்சிபலோடு குரல் உயர்த்தினவள் சொந்தப் பிள்ளைக்கு முன்னால் ஊமையாகிவிட்டேன்.

ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதே. நீ விளையாடித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. மலேசியாவுக்குப் போவதும் விடுவதும் உன் விருப்பம், ரிஸ்னாவோடு கதைத்து நீங்கள் இரண்டு பேரும் முடிவெடுங்கள். நாளைக்கு உனக்கே அலுத்து, காணும் என்று தோன்றினால், அந்த ஸ்டூடியோக்காரரை நானே கூப்பிட்டுத் தூக்கிக் கொடுப்பேன். ஆனால் உன் கையைப் பிழை சொல்லிக்கொண்டு விடாதே. அந்தக் கை ஒரு பிழையும் செய்யவில்லை. ஒரு நாள் முழுக்கக் கடதாசி சுற்றி வைத்துக் காத்திருந்த கை அது. உம்மா மூடியைத் திறந்து கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவாள் என்று எந்தக் கையாலும் காவல் காத்திருக்க முடியாது.

புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ நினைத்தாலும் இரண்டு வார்த்தை சொல்வேன். ரிஸ்னாவின் பொருள் எதையாவது நீ உடைத்தால், தேத்தண்ணீர் ஆறுமுன் அவளிடம் சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப் போட்டால் நாக்கு அதற்குப் பழகிவிடும், அதை என்னைவிட நன்றாக யாரும் உனக்குச் சொல்ல முடியாது. அவள் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதே. வேண்டியதைச் சொல். கொடுக்க முடியாவிட்டால் அவள் சொல்லட்டும், சண்டை பிடியுங்கள். சண்டை பிடித்தவர்கள் பிறகு சேர்ந்திருந்து சோறு தின்றுவிடலாம். உன் வாப்பாவும் நானும் புறாவைப் பற்றி ஒருநாள்கூடச் சண்டை பிடிக்கவில்லை, அதனால்தான் அது இன்னும் முடியவில்லை.

பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கி என் வெட்டுமேசையில் வைத்திருக்கிறேன். தூசியைத் துடைத்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை, எந்த மூடியையும் திறக்கவில்லை, சத்தியமாக. பார்மசியில் உப்பே இல்லாத டிஸ்டில் தண்ணீர் நாலு போத்தல் வாங்கி வைத்திருக்கிறேன். சீல் உடைக்காமல் அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள். வியாழன் வரைக்கும் மேசை உனக்கு, நான் தரையில் இருந்து தைத்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு அந்தப் பெட்டியும் ஒலுவிலுக்குப் போகும். நீ தூக்கவில்லையென்றால் நான் தூக்குவேன். துணி போட்டு மூடமாட்டேன், சாமான்களுக்கு அடியில் ஒளிக்கவும் மாட்டேன். முன் வேனில், யன்னலோரத்தில், மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். சொந்தக்காரர்கள் கேட்பார்கள், பெண் வீட்டு வாசலில் நிற்கிற சனமும் கேட்கும், அது என்ன பெட்டி என்று. ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்தான் சொல்லப் போகிறேன், சேருக்கு முன்னால் நின்றும் அதையே சொல்வேன்: இதைக் கட்டினது என் மகன், கெடுத்தது நான்.

உன் உம்மா